குழாயில் மூன்று வளையங்கள்

காலையில் படுக்கையறைக் கதவு மூன்று முறை தட்டப்படும். கலியாணசுந்தரம் எழுந்துகொள்வான்.

கடிகாரம் ஏழரை காட்டும். அது டோக்கியோ நேரம். ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். வெளியே இன்னும் விடிந்திருக்காது. சுந்தரம் பாயைச் சுருட்டுவான். கதவுப் பக்கம் போகமாட்டான். சன்னலில் ஏறிக் கொல்லையில் குதித்து, கிணற்றடியில் முகம் கழுவி, முந்தின நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்பான். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்து, தன் படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து திறந்து பார்ப்பான்.

யாரும் இருக்கமாட்டார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்புவான். சன்னலில் ஏறி இறங்குவது முதல் வாரம் ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. அவனுக்கு இருபத்தேழு வயது.

கார் வாங்கியது போன வருஷம் ஜனவரியில். அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில்.

அப்போது மீனாச்சி இருந்தாள். மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியில் பல தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். கோயிலும் திருநீறும் நம்முடையவை. உடுப்பது மலாய்க் கெபாயாச் சட்டை, பேசுவது அவர்கள் வீட்டு மலாய். சுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். அவனை "அபாங்" என்றுதான் கூப்பிடுவாள், மலாய்ப் பெண்கள் கணவனைக் கூப்பிடுவதுபோல. அவன் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகன். சிங்கப்பூரில் கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு, மலாக்காவில் பள்ளி வாத்தியாராக இருந்தான். பள்ளியை மூடிவிட்டார்கள். ஜப்பானியர் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சாமான் கணக்கப்பிள்ளை ஆனான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வட்டாரத் தலைவன் ஒரு காகிதத்தோடு வந்தான். குழந்தை இல்லாத, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் பட்டியல். ராணுவ அதிகாரிகளின் விடுதியில் பரிமாற ஆள் வேண்டுமாம். மாதக் கடைசியில் லாரி வரும். அதில் ஐந்தாவது பெயர் மீனாச்சி.

விடுதியில் என்ன பரிமாறுவார்கள் என்று காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரியும்.

செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சுந்தரத்தின் அண்ணன் கிராணியாக இருந்தார். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். ஆனால் செங் சாலையில் ராணுவக் காவல் உண்டு. பெயர் பட்டியலில் ஏறிய பெண் நடந்தும் போக முடியாது, சைக்கிளிலும் போக முடியாது.

பட்டறை மெக்கானிக் தியாகுவிடம் ஒரு கார் இருந்தது. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் பந்தயத்தில் ஓட்டிய பச்சை நிறக் கார். முன்னால் இரண்டே இருக்கை. பின்னால் ஒரு டிக்கி. பெட்ரோல் கிடைக்காததால், எல்லாரும் செய்ததுபோல, பின்புறம் ஒரு கரி அடுப்பைப் பூட்டியிருந்தார்கள். அடுப்பில் கரி எரியும். அந்த வாயு டிக்கிக்கு அடியில் ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும்.

"இத ஏன் ஜப்பான்காரன் எடுக்கலன்னு கேளு," என்றான் தியாகு.

"ஏன்?"

"உக்காந்து பாத்தான். வாள மடியில வச்சா கால நீட்ட முடியல. கால நீட்டுனா வாளு வெளிய நிக்குது. த்தூன்னு துப்பிட்டுப் போயிட்டான்."

"சத்தம் ஏதாவது உண்டா?"

"வாத்தியாரே, இந்தக் காலத்துல சத்தம் போடாத வண்டி ஏது? உனக்கு என்ன, சாமான் ஏத்திட்டுப் போகத்தான? ஓட்டு."

மீனாச்சியின் கெபாயாவைப் பூட்டும் மூன்று தங்க ஊசிகள் தியாகுவின் சட்டைப் பைக்குள் போயின. உதிரிச் சாமான் எடுத்துப்போக என்று சொல்லி, செங் சாலையைத் தாண்டும் பாஸ் ஒன்றைப் பட்டறையில் சுந்தரம் வாங்கிக்கொண்டான். பாஸில் ஓட்டுநர் ஒருவர் மட்டும். மற்றவர் டிக்கிக்குள்.

வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே சத்தம் கேட்டது.

மூன்று விதமான சத்தம். சுந்தரம் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டான். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம். டிக்கிக்குள்ளிருந்து சத்தம் வரும் காரைக் காவல்காரன் திறந்து பார்க்காமல் விடமாட்டான். சத்தத்தை அடக்காமல் கிளம்ப முடியாது. இருபது நாள் இருந்தது.

முதலாவது ஓர் ஊளை. வேகம் எடுத்தால் வரும். டிக்கியின் அடித்தகட்டில், விரல் நுழையும் அளவுக்கு நான்கு ஓட்டைகள். யாரோ நிதானமாக, வரிசையாகத் துளைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் வடிய என்று அவன் நினைத்தான். காற்று அதில் புகுந்து ஊதுகிறது. நான்கிலும் ரப்பர்க் கட்டை அறைந்தான். ஊளை நின்றது.

இரண்டாவது டிக்கி மூடியின் கடகடப்பு. மூடியைச் சுற்றிக் கனமான ரப்பர்ப் பட்டை ஒட்டினான். மலாக்காவில் அரிசிக்குத்தான் பஞ்சம், ரப்பருக்கு இல்லை. மூடி இப்போது பெட்டி மூடுவதுபோல மெத்தென்று உட்கார்ந்தது. ஒட்டும்போது மூடியின் உட்புறம் நிறையக் கீறல்களைப் பார்த்தான். துரையின் தோல்பெட்டி உரசியிருக்கும் என்று எழுதிக்கொண்டான்.

மூன்றாவது சத்தம் அடங்கவில்லை.

டக். டக். டக்.

பிறகு ஒன்றும் இருக்காது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மூன்று.

பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் பூட்டினான். சைலன்சரைக் கம்பியால் கட்டினான். உதிரிச் சக்கரத்தை எடுத்து வீட்டுக்குள் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு நோட்டில் ஒரு கோடு. சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மெக்கானிக்குகள் ஒரு மரக்கோலின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எந்தப் பாகம் சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். சுந்தரமும் அப்படிச் செய்தான். நல்ல வெயில் நேரம். அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கோலை வைத்து அச்சில் கேட்டான். வெறும் இரும்பு. குழாயில் கேட்டான். வாயு ஓடும் இரைச்சல். டிக்கி மூடியில் வைத்தான்.

மூச்சு.

நீளமாக இழுத்து, பாதியில் தடுக்கி, விடும் மூச்சு.

கோலை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தான். காலி. உள்ளே கரிப்புகையோடு இன்னொரு வாசனை, வாடிப்போன மல்லிகையுடையது. மூடினான். கோலை வைத்தான்.

மூச்சு இல்லை. கோலின் மறுமுனையில், சரியாக அவன் காதுக்கு நேரே, மெதுவாக மூன்று தட்டு.

'காதில் ரத்தம் ஓடும் சத்தம்' என்று நோட்டில் எழுதினான். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

போகி வந்தது. அன்று செட்டி வீடுகளில் இறந்துபோனவர்களுக்குப் படையல். பார்ச்சு என்பார்கள். வாழையிலையில் சாப்பாடு பரிமாறி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே இறந்தவர்கள் சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் திறக்கும் முன்பு, வீட்டுப் பெரியவர் மூன்று முறை தட்டுவார். உயிரோடு இருப்பவர்கள் வருகிறோம் என்று சொல்வது அது. அவர்கள் எழுந்து போக அவகாசம்.

அந்த வருஷம் இலையில் மரவள்ளியும் கருவாடும்தான். மீனாச்சியின் அப்பா இறந்துவிட்டதால் அவள் அம்மா காமாட்சிதான் கதவைத் தட்டினாள். மூன்று முறை.

வாசலில் நின்ற காரிலிருந்து மூன்று முறை பதில் வந்தது.

காமாட்சி அம்மாள் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். அடுப்பு அணைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"ஆறும்போதும் இரும்பு சுருங்கும்," என்றான் சுந்தரம்.

மீனாச்சி அவனை வெளியே இழுத்துப் போனாள். "அபாங், எங்க வீட்டுல உயிரோட இருக்கிறவங்கதான் தட்டுவாங்க. செத்தவங்களுக்காக."

"சரி."

"அப்போ உள்ள இருந்து யார் தட்டுறது? யாருக்குத் தட்டுறது?"

"மீனாச்சி."

"உள்ள இருக்கிறவ நம்மளச் செத்தவங்கன்னு நெனக்கிறா."

அன்று அவன் காருக்கு அடியில் படுத்து, வாயுக் குழாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். டிக்கிக்கு அடியில் குழாயைத் தாங்கிப் பிடிக்க மூன்று இரும்பு வளையங்கள். சூடேறினால் குழாய் நீளும். ஒவ்வொரு வளையத்திலும் ஒருமுறை வழுக்கும். மூன்று வளையம், மூன்று தட்டு. அடுப்பு மூட்டிப் பன்னிரண்டாவது நிமிடம் சத்தம் தொடங்கியது. நான்கு நாள் சோதித்தான். நான்கு நாளும் பன்னிரண்டாவது நிமிடம்.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளியை மூடிய பிறகு முதல்முறையாக.

"பாத்தியா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பிசிக்ஸ்," என்றான். "காவல்காரன் கேட்டா வளையத்தக் காட்டுவேன்."

"பேய்க்கும் மூணு வளையம் போட்டுட்டீங்க," என்றாள் மீனாச்சி. அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

டிக்கியின் நீள அகலத்தை அளந்து, உள்ளே எவ்வளவு காற்று இருக்கும் என்றும் கணக்குப் போட்டான். ஓர் ஆளுக்கு நாற்பது நிமிடம் மூச்சுக்குப் பஞ்சமில்லை. பயணம் அடுப்பு மூட்டுவதோடு சேர்த்து முப்பது.

சைகையும் பேசிக்கொண்டார்கள். உள்ளே ஏதாவது ஆபத்து என்றால் அவள் இரண்டு முறை தட்ட வேண்டும். மூன்று தட்டினால் அது கார்.

இருபத்தொன்பதாம் தேதி கிளம்பினார்கள். அடுப்புப் புகையைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள் என்பதால், அதை மூட்டும் முன்பே மீனாச்சி உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டாள். பழைய சாக்கு விரித்திருந்தான். மூடும் முன் அவள் தலையைத் தூக்கி ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு மூடினான். மூடியை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும்.

பன்னிரண்டாவது நிமிடம் கார் சாலையில் இருந்தது.

டக். டக். டக்.

மூன்று. குழாய்.

மரவள்ளித் தோட்டங்களைத் தாண்டினான். இருபுறமும் ஆள் இல்லை. நிறுத்தியிருக்கலாம்.

டக். டக். டக்.

மூன்று.

இடைவெளி குறைந்தது. வெயில் அதிகம், சூடு அதிகம், அதனால் வேகமாக நீள்கிறது. பிறகு இடைவெளியே இல்லை. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டான். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியது. அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

காவல் சாவடி தெரிந்தது.

சத்தம் நின்றது.

கடவுளே, நன்றி, என்று நினைத்தான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

இறங்கிக் குனிந்து வணங்கினான். குனிந்தது போதவில்லை. காவல்காரன் கன்னத்தில் அறைந்து, எஞ்சினை அணைக்கச் சொன்னான். ஒரு பாறாங்கல்லைக் காட்டித் தலைக்கு மேல் தூக்கி நிற்கச் சொன்னான். சுந்தரம் தூக்கினான். வெயில். வியர்வை கண்ணில் விழுந்தது. காவல்காரன் வாழைப்பழம் தின்றபடி காரைச் சுற்றி வந்தான். துப்பாக்கிக் கட்டையால் டிக்கி மூடியைத் தட்டினான், விளையாட்டாக. ஒன்று, இரண்டு, மூன்று.

பதில் இல்லை.

கெட்டிக்காரி, என்று நினைத்தான் சுந்தரம். மூச்சுக்கூட விடவில்லை.

கல்லைக் கீழே போடச் சொன்னபோது, டிக்கியை மூடி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

எஞ்சின் ஓடும்போது வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். அது ஓடாதபோது, கிளம்பும் முன்பு அடுப்பு மூட்டிய நிமிடங்களிலும் பிறகு சாவடியிலும், வாயு வேறு வழி தேடும். வளையங்களுக்கு நடுவே, டிக்கியின் அடித்தகட்டு இடுக்கை ஒட்டி, குழாய் மூட்டு ஒன்று இளகியிருந்தது. மூடியைச் சுற்றி ரப்பர், ஓட்டைகளிலும் ரப்பர். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. கரிவாயு, அதாவது ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு, என்ன என்று அவன் மூன்று வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். காற்றைக் கணக்கிட்டவன் வாயுவைக் கணக்கிடவில்லை.

ரப்பர் மரங்களுக்குள் காரை விட்டு மூடியைத் திறந்தான். சூட்டில் பட்டை இளகி ஒட்டியிருந்தது. ஸ்பேனரால் நெம்ப வேண்டியிருந்தது.

ஒரு வருஷமாக மரவள்ளி தின்று வெளுத்துப்போன முகம். இப்போது கன்னங்கள் சிவந்து, கல்யாணப் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். கரிவாயு ரத்தத்தில் கலந்தால் அந்த நிறம் வரும். கைமுட்டிகளில் மட்டும் தோல் இல்லை.

மூடியின் உட்புறம் புதிதாகக் கீறல்கள். பச்சைப் பூச்சு தூளாக அவள் மார்பில் உதிர்ந்திருந்தது. அவன் கீறல்களை விரலால் அளந்தான். கீறல்கள் இரண்டு அளவில் இருந்தன. ஒன்று மீனாச்சியின் விரல் அளவு. இன்னொன்று அதைவிடச் சின்னக் கை.

இரண்டுமே புதியவை.

காரைத் தியாகுவிடமே கொண்டுபோய் விட்டான். தியாகு சாவியை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"துரைக்கு அப்புறம் இத வச்சிருந்தவரு செமாபோக்குல ஒரு கடைக்காரரு. அவரும் தங்கச்சிய இதுலதான் ஒளிச்சு ஏத்திட்டுப் போனாரு. காத்துக்காக ஓட்டை போட்டது அவருதான். அப்படியும் போயிருச்சு அந்தப் பொண்ணு. அப்புறம் சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு வித்துட்டாரு."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா? நீ சாமான் ஏத்தத்தான் வாங்குறேன்னு நெனச்சேன், வாத்தியாரே."

அடுத்த மாதம் ராணுவம் அந்தக் காரைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டது. சுந்தரம் பட்டறை வாசலில் நின்று, அதை உடைப்பதைப் பார்த்தான். மூன்று வளையங்களும் தனித்தனியாகக் கழன்று விழுந்தன.

காமாட்சி அம்மாள் அவனைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவர்கள் மலாயில். "கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா?"

"ரெண்டு தட்டுறேன்னு சொன்னா."

"நீ எத்தனை கேட்ட?"

"மூணு."

கிழவி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அப்போ தட்டுனது அவ இல்ல. உன் மேல தப்பு இல்ல, மகனே." அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவன் தடவ விட்டான்.

இந்த வருஷப் போகிக்கு மீனாச்சிக்கும் ஓர் இலை போட்டார்கள். சுந்தரத்தின் படுக்கையறையில்தான் படையல். கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றார்கள். பிறகு காமாட்சி அம்மாள் தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

கை கதவைத் தொடவில்லை.

உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது.

கிழவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து சத்தம் கதவின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டது. இப்போது அவன் உள்ளே; தட்டுவது வெளியே. இறந்தவர்கள் எழுந்து போக அவகாசம் தரும் தட்டு. நிதானமாக, மரியாதையாக. அவன் சன்னல் வழியாக எழுந்து போகிறான்.

அது யார் என்று அவன் நோட்டில் எழுதவில்லை. அவனுக்குத் தெரியும். ஏனென்றால் மீனாச்சி கடைசியாக, இரண்டு தட்டுகிறேன் என்று சொல்லவில்லை. மூடியை அவன் இறக்கும்போது, சாக்கிலிருந்து தலையைத் தூக்கி, அவன் கண்ணைப் பார்த்து, அவள் சொன்னது இது:

"பயத்துல எனக்கு எண்ணிக்கை மறந்துரும், அபாங். எங்க வீட்டுத் தட்டுத்தான் கையில வரும். எத்தனை கேட்டாலும் நிறுத்திடுங்க."